கருவறையில் இருப்பது யார்?



2023-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் நம் நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு தாயின் மனு வந்தது. ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளைப் பெற்றவர். இரண்டாவது பேறுகாலத்துக்குப் பின் வந்த மனச்சோர்வுக்கு மருந்து உட்கொண்டு வந்தவர். பாலூட்டும் காலத்தில் மாதவிலக்கு வராமலிருப்பது இயல்புதானே என்று இருந்துவிட்டதால், மூன்றாவது முறை கருவுற்றிருப்பதே அவருக்கு மிகத் தாமதமாகத்தான் தெரிந்தது. கருவைக் கலைக்க அனுமதி கேட்டார். இரு நீதிபதிகள் அமர்வு அனுமதி கொடுத்தது. மறுநாளே தில்லி எய்ம்ஸ் மருத்துவர் ஒருவர் எழுதிக் கேட்டார். இந்தக் குழந்தை உயிரோடு பிறக்கக்கூடிய நிலையில் இருக்கிறது, அப்படியானால் இதன் இதயத்துடிப்பை முதலில் நிறுத்திவிட்டுத்தான் வெளியே எடுக்க வேண்டுமா என்பது அவர் கேள்வியின் சாரம். இது வந்ததும் அதே இரு நீதிபதிகளின் கருத்து இரண்டாகப் பிரிந்தது. அக்டோபர் 16 அன்று தலைமை நீதிபதி உள்ளிட்ட மூவர் அமர்வு அனுமதி மறுத்தது. அப்போது கருவுக்கு 26 வாரமும் 5 நாளும் ஆகியிருந்தன. தாயின் உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை, கருவில் குறைபாடும் இல்லை என்பதே காரணம். பேறுகாலச் செலவை அரசு ஏற்கும், பிறந்த பின் தத்துக் கொடுப்பது பெற்றோரின் விருப்பம் என்றும் சொல்லப்பட்டது.

இந்த வழக்கை நாம் இங்கே எடுப்பது அந்தத் தாயைக் குறைசொல்ல அன்று. அவர் துயரம் மெய்யானது. நாம் நின்று யோசிக்க வேண்டியது அந்த மருத்துவரின் கேள்வியைத்தான். அனுமதி கிடைத்துவிட்டது, தாளில் கையெழுத்தும் ஆகிவிட்டது. ஆனால் கருவியைக் கையில் எடுக்க வேண்டியவர், தாம் நிறுத்தப்போவது இன்னது என்று பெயர் சொல்லிக் கேட்டுவிட்டார். கேட்ட பிறகு யாராலும் பழையபடி பேச முடியவில்லை.

1971-இல் இயற்றப்பட்ட நம் நாட்டு மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் முதலில் 20 வாரத்தை எல்லையாக வைத்தது. 2021-இல் வந்த திருத்தம், குறிப்பிட்ட சில நிலைகளில் உள்ள பெண்களுக்கு அதை 24 வாரமாக நீட்டியது. கருவில் பெரிய குறைபாடு இருப்பதாக மருத்துவக் குழு சொன்னால் கால எல்லையே கிடையாது. எல்லைக்கு அந்தப் பக்கம் போனால் நீதிமன்றம் தயங்குகிறது. இந்தப் பக்கம் இருந்தால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. 24-ஆம் வாரத்துக்கும் 26-ஆம் வாரத்துக்கும் நடுவில் அந்தக் குழந்தைக்குள் புதிதாக என்ன வந்து நுழைந்துவிட்டது? 12-க்கும் 20-க்கும் நடுவில்? நம் இளைஞர்கள் இதைக் கேட்கிறார்கள். திருமணத் தயாரிப்பு வகுப்புகளில் வெட்கத்தை விட்டுக் கேட்கிறார்கள். "ஃபாதர், எந்த நாள்லேர்ந்து அது உயிரு?"

திருச்சபை சொல்வதும் சொல்லாததும்

கருத்தரித்த அந்த நொடியிலேயே இறைவன் ஆன்மாவை ஊட்டுகிறார் என்று திருச்சபை விசுவாசக் கோட்பாடாக அறிவித்திருப்பதாக நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். வியப்பாக இருக்கலாம், அப்படி ஓர் அறிவிப்பு கிடையாது. 1974-இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் கருக்கலைப்பு பற்றி வெளியிட்ட அறிக்கை, ஆன்மா எந்த நேரத்தில் வருகிறது என்ற கேள்வியைத் தான் தீர்த்துவைக்கவில்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அதைத் தீர்க்காமலேயே கருக்கலைப்பு பெரும்பாவம் என்கிறது. இது எப்படி என்று புரிந்துகொண்டால்தான் திருச்சபையின் நிலைப்பாடு புரியும்.

பழைய ஏற்பாட்டில், விடுதலைப் பயணம் 21-ஆம் அதிகாரத்தில் ஒரு சட்டம் வருகிறது. இரண்டு ஆண்கள் சண்டையிடும்போது கருவுற்ற பெண் ஒருத்தி அடிபட்டால் என்ன தண்டனை என்பது அது. எபிரேய மூலம் ஒருவிதமாகச் சொல்ல, அதைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் உருவம் பெற்ற கரு, உருவம் பெறாத கரு என்று பிரித்துவிட்டார்கள். இந்தப் பிரிவு நெடுங்காலம் நிலைத்தது. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் ஆண் கருவுக்கு 40 நாள், பெண் கருவுக்கு 90 நாள் என்று ஒரு கணக்குச் சொல்லிவைத்திருந்தார். கருவறையிலும் பெண் பிள்ளையைக் காத்திருக்கவே வைத்திருக்கிறார்கள்! புனித தாமஸ் அக்குவினாசும் இந்தக் கணக்கின் வழியில்தான் சிந்தித்தார். முதலில் தாவர உயிர், பிறகு விலங்கு உயிர், கடைசியில்தான் அறிவுள்ள ஆன்மா என்று அவர் எழுதினார். இன்று கருக்கலைப்பை ஆதரிப்போர் சிலர் அவரைச் சாட்சிக்கு அழைப்பதும் உண்டு. ஆனால் அவர் காலத்தில் சினைமுட்டை என்ற ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. மனிதச் சினைமுட்டையை வான் பேயர் என்ற அறிஞர் கண்டது 1827-இல்தான். அறிவியல் அவ்வளவு குறைந்திருந்த காலத்திலும், ஆன்மா வருமுன் கலைத்தாலும் அது பாவமே என்பதில் தாமசுக்கு ஐயமில்லை.

தண்டனையின் அளவு மட்டும் காலத்துக்குக் காலம் மாறியது. 1588-இல் திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் எந்த நாள் கருவாக இருந்தாலும் ஒரே தண்டனை என்றார். 1591-இல் பதினான்காம் கிரகோரி அதைத் தளர்த்தினார். 1869-இல் ஒன்பதாம் பத்திநாதர் அந்தப் பிரிவையே நீக்கினார். இதைக் காட்டி, "உங்கள் திருச்சபையே மாற்றி மாற்றிப் பேசியதுதானே" என்று கேட்பவர்கள் உண்டு. தண்டனை மாறியது உண்மை, மறைப்பதற்கு ஒன்றுமில்லை. கருக்கலைப்பு சரி என்று எந்தக் காலத்திலும் சொல்லப்படவில்லை என்பதும் உண்மை. திருத்தூதர்களின் காலத்தை ஒட்டி எழுந்த 'திதாக்கே' என்னும் சிறு நூலே, கருவை அழிப்பதையும் பிறந்த சிசுவைக் கொல்வதையும் ஒன்றாக வைத்துத் தடைசெய்கிறது. வேண்டாத பிள்ளையைத் தெருவில் எறிந்துவிட்டுப் போவது உரோமை உலகில் வழக்கமாயிருந்த காலம் அது. அன்றைக்குக் கிறிஸ்தவர்களை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டியவற்றில் இதுவும் ஒன்று. நான்காம் நூற்றாண்டில் புனித பசிலியாரோ, உருவம் பெற்றதா பெறாததா என்ற ஆராய்ச்சிக்கே நாம் போவதில்லை என்ற பொருளில் எழுதினார்.

அறிவியல் இன்று என்ன சொல்கிறது? தாயின் கருக்குழாயில் சினைமுட்டையும் விந்தணுவும் இணைகின்றன. தாயிடமிருந்து 23, தந்தையிடமிருந்து 23 என 46 குரோமோசோம்கள் கொண்ட புதிய ஓர் உயிரணு உண்டாகிறது. அது தாயின் உடலின் ஒரு துண்டும் அன்று, தந்தையினுடையதும் அன்று. ஆணா பெண்ணா என்பதும் அப்போதே முடிவாகிவிடுகிறது. அதை முடிவு செய்வது தந்தையிடமிருந்து வரும் விந்தணு. பெண் பிள்ளையாகப் பெற்றுத் தள்ளுகிறாள் என்று மருமகளை ஏசும் மாமியார்கள் இதை ஒருமுறை வாசிக்க வேண்டும்! ஏறக்குறைய ஒரு வாரத்தில் அது கருப்பையின் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. மூன்று வாரம் கடந்ததும் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. இதில் எந்த இடத்திலும் வெளியிலிருந்து புதிதாக ஒன்று வந்து சேர்ந்து, "இதுவரை பொருள், இனி மனிதன்" என்று ஆக்குவதில்லை. வேண்டியது உணவும் காலமும் பாதுகாப்பும். பிறந்த குழந்தைக்கு வேண்டியவையும் இவைதாமே!

எதிர்க்கேள்விகள் இல்லாமல் இல்லை. முதல் இரண்டு வாரத்துக்குள் ஒரு கரு இரண்டாகப் பிரிந்து இரட்டைக் குழந்தைகளாகலாம், அப்படியானால் அதற்குமுன் அது ஓர் ஆள் என்று எப்படிச் சொல்வது என்பது ஒன்று. ஒட்டிக்கொள்ளாமலே கழிந்துபோகும் கருக்களும் பல, அவையெல்லாம் மனிதர்களா என்பது மற்றொன்று. நேர்மையான கேள்விகள்தாம். இறையியலாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். ஆனால் ஒன்று இரண்டாகப் பிரியக்கூடும் என்பதால் தொடக்கத்தில் அங்கே ஒன்றும் இல்லை என்றாகிவிடாது. பச்சிளம் குழந்தைகள் கூட்டம் கூட்டமாக இறந்த காலங்கள் இருந்தன, அதனால் பச்சிளம் குழந்தையைக் கொல்லலாம் என்று யாரும் முடிவு செய்யவில்லை.

இங்கேதான் திருச்சபை ஆன்மாவின் நேரத்தைத் தீர்க்காமலேயே பேச முடிவதன் காரணம் இருக்கிறது. குருமடத்தில் நமக்கு இதற்குச் சொல்லித்தந்தது வேடன் உதாரணம். புதர் அசைகிறது, மானா மனிதனா என்று தெரியாமல் அம்பு விடலாமா என்பார்கள். இன்று மான் வேட்டைக்குப் போகிறவர் நம் பங்கில் யாருமில்லை. எனவே நாம் வேறொன்று சொல்வதுண்டு. அடைமழையில் ஒரு பழைய ஓட்டு வீடு இடிந்து மண்மேடாகிக் கிடக்கிறது. வாரித் தள்ள ஜே.சி.பி. வந்து நிற்கிறது. "உள்ளே ஆள் இருந்தாலும் இருக்கும்" என்கிறார் ஒருவர். "இருக்காது" என்கிறார் இன்னொருவர். நிச்சயமாகத் தெரியவில்லை. ஓட்டுநர் என்ன செய்ய வேண்டும்? ஆள் இருப்பதை நிரூபித்தால்தான் நிறுத்துவேன் என்று சொல்லும் ஓட்டுநரை நாம் என்ன சொல்லி அழைப்போம்? உயிர் இருக்கக்கூடும் என்பதே இயந்திரத்தை நிறுத்தப் போதும். 1995-இல் திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல் எழுதிய 'வாழ்வின் நற்செய்தி' என்னும் சுற்றுமடலும் இந்த வாதத்தையே எடுத்தாள்கிறது.

அறிவு இவ்வளவு தூரம் கொண்டுவந்து விடுகிறது. விசுவாசம் இன்னும் சற்று உள்ளே அழைத்துப் போகிறது. லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வானதூதர் சொன்ன செய்தியைக் கேட்ட மரியா விரைந்து யூதேய மலைநாட்டுக்குப் போகிறார். நாசரேத்திலிருந்து நடந்தால் சில நாள் பயணம். எலிசபெத்துக்கோ ஆறாம் மாதம், வயிறு தெரியும். மரியாவைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே இருப்பது கடுகைவிடச் சிறியது. ஆனால் எலிசபெத்து அவரை என்ன சொல்லி வரவேற்கிறார்? தம் ஆண்டவரின் தாய் என்று! தாயாகப் போகிறவர் என்று சொல்லவில்லை. வயிற்றிலிருந்த யோவான் துள்ளியதும் அந்தக் கடுகின் முன்னால்தான். தாயின் கருவில் இறைவன் தம்மை உருவாக்கியதைப் பாடும் 139-ஆம் திருப்பாடலும், கருவில் உருவாகுமுன்பே இறைவன் தம்மை அறிந்திருந்ததைச் சொல்லும் எரேமியாவும் நமக்குப் பழக்கமானவர்கள். அவர்கள் மருத்துவப் பாடம் நடத்தவில்லை என்பது சரி. ஆனாலும் மார்ச் 25-இல் ஆண்டவர் பிறப்பு அறிவிப்பையும், டிசம்பர் 8-இல் அன்னையின் அமல உற்பவத்தையும் பெருவிழாவாகக் கொண்டாடும் நமக்கு, கருத்தரிப்பு என்பது ஒன்றுமில்லாத ஒரு நாள் அன்று. நம் பாட்டிமாரில்தான் எத்தனை அமலோற்பவங்கள்!

தாயா, பிள்ளையா?

திரைப்படங்களில் மருத்துவர் வெளியே வந்து, "பெரிய உயிரா, சின்ன உயிரா?" என்று கேட்பார். இதற்குத் திருச்சபை "பிள்ளை" என்று பதில் சொல்வதாக நம்மிலேயே பலர் நினைக்கிறார்கள். தவறு. எந்த உயிரையும் இன்னோர் உயிரைவிடப் பெரிதென்று திருச்சபை சொல்வதில்லை. தாய்க்குக் கருப்பையில் புற்றுநோய் இருந்து, அதை அகற்றாவிட்டால் அவர் இறந்துவிடுவார் என்றால், அறுவை செய்யலாம். அதனால் கரு உயிரிழக்கும் என்று தெரிந்திருந்தாலும் அது கருக்கலைப்பு ஆகாது. அங்கே நோக்கமும் செயலும் நோயை நீக்குவது. பிள்ளையின் இறப்பு விரும்பிச் செய்ததன்று. கருக்குழாயிலேயே கரு தங்கிவிடும்போது அந்தக் குழாயை அகற்றுவதையும் இறையியலாளர்கள் பொதுவாக இப்படியே ஏற்கிறார்கள். இப்படிப்பட்ட அறுவை செய்துகொண்டு, 'பாவம் செய்துவிட்டேனோ' என்று ஆண்டுக்கணக்கில் நற்கருணை வாங்காமல் இருக்கும் பெண்கள் உண்டு. சகோதரிகளே, நீங்கள் பாவம் செய்யவில்லை. தயவுசெய்து வாருங்கள்.

இத்தாலி நாட்டுக் குழந்தை மருத்துவரான புனித ஜான்னா பெரெத்தா மோல்லாவுக்கு நான்காவது குழந்தையைக் கருவுற்றிருந்தபோது கருப்பையில் கட்டி இருந்தது. கருப்பையையே அகற்றிக்கொள்ள அவருக்குத் திருச்சபை தடை சொல்லவில்லை. அவரோ கட்டியை மட்டும் அகற்றச் சொன்னார். பெண் குழந்தை பிறந்தது. ஒரு வாரத்தில், 1962 ஏப்ரல் 28 அன்று, அவர் இறந்தார். 2004-இல் புனிதராக உயர்த்தப்பட்டார். அவர் செய்தது கடமைக்கும் மேலான அன்பு. அதை மற்றப் பெண்களின் தலையில் சட்டமாகச் சுமத்தக்கூடாது.

இன்னும் கடினமான நிலைகள் உண்டு. வன்கொடுமைக்கு ஆளாகிக் கருவுற்ற ஒரு சிறுமியிடம் போய் உபதேசம் செய்வது எளிது என்று நினைப்பவர் அப்படிப்பட்ட ஒரு வீட்டுக்குள் இதுவரை கால் வைக்காதவர். அங்கேயும் திருச்சபை, அந்தக் குழந்தை எந்தக் குற்றமும் செய்யவில்லை என்றே சொல்கிறது. சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டால் அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை. பேறுகாலம் முடியும்வரை யார் அவளை வைத்துக்கொள்வது, பள்ளிப் படிப்பு என்னாகும், ஊர் வாயை யார் அடக்குவது, குழந்தையை யார் ஏற்பது என்ற கேள்விகளுக்கும் நம்மிடம் பதில் இருக்க வேண்டும்.

நம் வீடுகளில் நடப்பது

தமிழகத்துக்கு இது தொலைதூரத்துச் செய்தி அன்று. உசிலம்பட்டியும் சேலமும் தருமபுரியும் பெண் சிசுக்கொலைக்காகப் பெயர்பெற்ற நாள்களை நாம் மறந்துவிடவில்லை. 1992-இல் சேலத்தில் அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க வேண்டி வந்தது. பிறகு ஸ்கேன் வந்தது. கள்ளிப்பால் தேவைப்படவில்லை. வேலை கருவறைக்குள்ளேயே முடிந்தது. கருவின் பாலினத்தைச் சொல்வதைத் தடைசெய்து 1994-இல் சட்டம் இயற்றப்பட்டு, 1996-இல் நடைமுறைக்கு வந்தது. ஆனாலும் 2001 மக்கள்தொகைக் கணக்கில் ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் பிள்ளைகளுக்கு 927 பெண் பிள்ளைகளே நாட்டில் இருந்தார்கள். 2011-இல் அது 918 ஆகக் குறைந்தது. சேலம் மாவட்டத்தில் 2001-இல் 851.

நம் மக்கள் இதில் சேரமாட்டார்கள் என்று நாமும் ஒரு காலத்தில் நம்பிக்கொண்டிருந்தோம். அந்த நம்பிக்கை எப்படிப் போயிற்று என்று சொல்ல வேண்டும். ஒப்புரவு அருளடையாளத்தில் கேட்ட எதையும் எந்தக் குருவும் சொல்ல முடியாது, கூடாது. இது வீடு சந்திக்கப் போன இடத்தில் திண்ணையில் வைத்துக் கேட்டது. எழுதலாம் என்று அவரே சொன்ன பிறகு எழுதுகிறோம். ஊரும் காலமும் வேண்டாம்.

மாசில்லாக் குழந்தைகள் விழாவை ஒட்டி ஒரு ஞாயிறு மறையுரையில் கருக்கலைப்பைப் பற்றிக் கடுமையாகப் பேசினோம். ஏரோதைப் பற்றிப் பேசி, நம் காலத்து ஏரோதுகள் என்று தொடர்ந்து, "கருவைக் கலைத்த ஒவ்வொருத்தியும் கொலைகாரி" என்று முடித்தோம். பலர் பாராட்டினார்கள். பங்குப்பேரவையில் ஒருவர் கைகொடுத்தார். அடுத்த ஞாயிறு முதல், எப்போதும் இடப்பக்கம் மூன்றாம் வரிசையில் அமரும் ஓர் அம்மாவைக் காணோம். அறுபதைக் கடந்தவர், பேரப்பிள்ளைகளை மறைக்கல்வி வகுப்புக்குக் கைப்பிடித்து அழைத்து வருபவர். உடம்பு சரியில்லையோ என்று நினைத்து, ஒரு மாதம் கழித்து வீட்டுக்குப் போனோம்.

"தோத்திரம் சாமி" என்று எழுந்து நின்றார். பிறகு வெகுநேரம் பேசவில்லை. காப்பி வந்தது, ஆறியது. மருமகள் உள்ளே போன பிறகு சொன்னார்.

"மூணாவதும் பொட்டப்பிள்ளைன்னு ஸ்கேன்ல சொல்லிட்டாங்க சாமி. எங்க மாமியா நடையில படுத்துக்கிட்டு எந்திரிக்கவே இல்ல. இவுக ஒண்ணுமே சொல்லல. வேணும்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல. வண்டி கொண்டாந்து நிறுத்துனாக. ஏறிட்டேன். நான் வேண்டாம்னு சொன்னேனான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கே தெரியல சாமி."

அந்த வீட்டுக்காரர் நம் ஆலயத்தில் மாலைதோறும் செபமாலை தொடங்கிவைப்பவர். அந்த மாமியார் உயிரோடிருந்தவரை வேளாங்கண்ணிக்கு நடந்தே போனவர். பேரன் வேண்டித் தொட்டில் கட்டியவரும் அவரே. நம்முடைய மறையுரையில் அவர்கள் இருவரும் எங்குமே வரவில்லை. ஏரோது அரண்மனையிலிருந்து ஆணையிட்டான் என்பதை மறந்து, வண்டியில் ஏற்றப்பட்டவளைப் பிடித்து ஏரோது என்று சொல்லியிருக்கிறோம்.

நாமும் உடந்தையே என்று அன்று தோன்றியது. நவநாள் மன்றாட்டுப் பெட்டியில் "ஆண் குழந்தை வேண்டி" என்று எழுதிப் போட்ட சீட்டுகளை எத்தனை முறை ஒலிபெருக்கியில் அப்படியே வாசித்திருக்கிறோம்! திருமண வாழ்த்துரையில் "வாரிசு" என்ற சொல்லை எத்தனை முறை சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறோம்!

திருச்சபைச் சட்டம் நம்மைவிட நிதானமானது. கருக்கலைப்பு நிறைவேறினால் அதைச் செய்வோருக்குத் தானாகவே வரும் திருச்சபை விலக்கம் உண்டு என்பது பலருக்குத் தெரியும். 2021 டிசம்பர் 8 முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தில் அது 1397-ஆம் சட்டத்தில் இருக்கிறது, முன்பு 1398. ஆனால் பதினாறு வயது நிறையாதவருக்கு அந்தத் தண்டனை கிடையாது. கடுமையான அச்சத்தாலோ நெருக்கடியாலோ செய்தவருக்கும், இப்படியொரு தண்டனை இருப்பதையே தம் தவறின்றி அறியாதிருந்தவருக்கும் அது தானாக வந்து சேராது. மறுபுறம், எவருடைய உதவி இல்லாமல் அந்தச் செயல் நடந்திருக்காதோ, அந்த உடந்தையாளர்களையும் அது பிடிக்கும். அவர் கணவராக இருந்தாலும் சரி, மருத்துவராக இருந்தாலும் சரி. பெண்ணை மட்டும் நிறுத்திவைத்து விசாரிப்பது நம் ஊர் வழக்கம், திருச்சபையின் வழக்கமன்று.

முன்பெல்லாம் இந்தப் பாவத்துக்கு மன்னிப்பு வழங்க எல்லாக் குருக்களுக்கும் எல்லா இடத்திலும் அதிகாரம் இருக்கவில்லை. ஆயரிடம் போக வேண்டும் என்ற அச்சத்திலேயே பலர் ஒதுங்கிவிட்டார்கள். 2016 நவம்பரில், இரக்கத்தின் யூபிலி ஆண்டு முடிவுற்றபோது, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் எல்லாக் குருக்களுக்கும் அந்த அதிகாரத்தை நிலையாக வழங்கினார். எனவே உங்கள் பங்குத்தந்தையிடம் போகலாம். தெரிந்தவர் என்று கூச்சமாக இருந்தால் பக்கத்துப் பங்குக்குப் போகலாம், திருத்தலத்துக்குப் போகலாம். யாரும் பெயர் கேட்க மாட்டார்கள்.

இன்னொன்று. நம் மொழியில் 'கலைந்தது' என்பதற்கும் 'கலைத்தது' என்பதற்கும் ஓர் எழுத்துதான் வேறுபாடு. கடுமையான மறையுரை கேட்கும்போது, தானாகவே கரு கலைந்துபோன தாய்மாரும் அதே வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். "அன்னிக்குக் குடம் தூக்கியிருக்கக் கூடாதோ" என்று தம்மையே குற்றம்சாட்டிக்கொண்டிருப்பவர்கள் அவர்கள். அவர்களுக்கு ஒரு குழந்தை இறந்திருக்கிறது. நாம் துக்கம் விசாரிக்கப் போகவில்லை. கரு மனித உயிரே என்று மேடையில் முழங்கும் நாம், அந்த உயிர் இறந்தபோது ஒரு செபமாவது சொல்லியிருக்க வேண்டாமா? பெற்றோர் திருமுழுக்குக் கொடுக்க விரும்பியிருந்த குழந்தை அதற்குமுன் இறந்தால், ஆயரின் இசைவோடு அடக்கச் சடங்கு நடத்தலாம் என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது.

அந்த அம்மா கடைசியில் கேட்ட கேள்வியும் இதுதான். "சாமி, ஞானஸ்நானம் இல்லாம போச்சே, அது எங்க இருக்கும்?" பழைய தலைமுறை 'லிம்போ' என்று படித்தது. திருச்சபை அதை ஒருநாளும் விசுவாசக் கோட்பாடாக்கவில்லை. அனைத்துலக இறையியல் ஆணையம் 2007-இல் வெளியிட்ட ஆவணம், திருமுழுக்கின்றி இறக்கும் குழந்தைகள் மீட்புப் பெறுவார்கள் என்று எதிர்நோக்க உறுதியான காரணங்கள் உண்டு என்கிறது. சிறு பிள்ளைகளைத் தம்மிடம் வரவிடச் சொன்ன ஆண்டவரின் கையில் அது இருக்கிறது, அம்மா, என்றோம். அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

சில நாள் கழித்துப் பங்கு அலுவலகத்துக்கு வந்து, ஒரு திருப்பலிக் கருத்து எழுத வேண்டும் என்றார். நோட்டைத் திறந்து, பெயர் என்ன என்று வழக்கம்போலக் கேட்டுவிட்டோம்.

"பேரு வச்சிருக்கேன் சாமி. ஆனா சொல்ல மாட்டேன். அது எனக்கும் அதுக்கும்."

பெயர் எழுதும் இடத்தில் கோடு போட்டு விட்டோம். வார நாள், காலை ஐந்தரை மணித் திருப்பலி. வழக்கமாக வரும் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். இடப்பக்கம் மூன்றாம் வரிசையில் அவர் இருந்தார். சற்று நேரம் கழித்து, அவர் கணவர் வந்து பக்கத்தில் முழந்தாளிட்டார்.